இப்பதான் இறக்கின ஆணம்

மகன்,

இந்தக் கொப்பியில் நாலு தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டுவிட்டேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் சவூதியில் இருக்கிற பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. நீயோ முன்னறையில் படுக்கிறாய். உன் சாரன் நான் இருக்கிற கதிரையின் முதுகில்தான் தொங்குகிறது. காலையில் நீ நிந்தவூர்க் கடைக்குப் போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினிக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். வாசலைக் கூட்டினேன். கூட்டின வாசலையே இன்னொரு தரம் கூட்டினேன். அதற்குப் பிறகுதான் பேனையைத் தேடி எடுத்தேன்.

நேரே சொல்லலாமே உம்மா, இதற்கென்ன கடிதம் என்று கேட்பாய். பதினொரு நாளாகச் சொல்லத்தான் பார்க்கிறேன். வாயைத் திறந்தால் "பசிக்குதா மகன்?" என்றுதான் வருகிறது. நரம்பில்லாத நாக்கு என்று மற்றவர்களைச் சொல்லியிருக்கிறேன். என் நாக்குக்கு இந்த விஷயத்தில் எலும்பே முளைத்துவிட்டது போலிருக்கிறது, அசையமாட்டேன் என்கிறது. அதோடு நீயும் உன் வாப்பா மாதிரி. பாதி கேட்டதும் "விடுங்க உம்மா" என்று எழும்பி மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவாய். தாள் என்றால் நடுவில் எழும்பிப் போனாலும் திரும்பி வந்து மிச்சத்தை வாசிக்கலாம். வாசி. கடைசிவரைக்கும் வாசி.

எட்டு மாதத்துக்கு முன் உன்னை மாப்பிள்ளையாக்கி அட்டாளைச்சேனைக்கு அனுப்பினேன். ஆம்பிளைப் பிள்ளையைப் பெற்றவள் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அனுப்ப வேண்டும், அவன் இனி பெண்சாதி வீட்டில்தான் இருப்பான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நீ போன அன்று உன் பீங்கானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு மணித்தியாலம் அழுதேன். ஆகவே பதினொரு நாளுக்கு முன் பகல் மூன்று மணிக்கு நீ திடீரென்று வாசலில் வந்து நின்றபோது, உன் முகம் உலைமூடி மாதிரிக் கொதித்துக்கொண்டிருந்தபோது, என் நெஞ்சின் ஒரு மூலையில் சந்தோஷம் வந்தது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும், வந்தது உண்மை.

நீ சொன்னது இது. கடையிலிருந்து பகல் சாப்பாட்டுக்குப் போனாய். றிஸ்னா பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு அப்போதுதான் வந்து, உடுப்பும் மாற்றாமல், சோறும் சூரை மீன் ஆணமும் வைத்தாள். ஒரு பிடி வைத்ததும் கேட்டாயாம், "இது நேத்தயதா?" அவள் சொன்னாளாம், "ஓம், நேத்து வெச்ச ஆணம்தான். சூடாக்கின." அவ்வளவுதான். நீ பீங்கானைத் தள்ளிவிட்டு எழும்பினாய். "எனக்கென்ன பழசத் திங்கிற தலையெழுத்தா? எங்கட வீட்டுல ஒரு நாளும் பழசு வெச்சதில்ல" என்று அவளுடைய உம்மாவும் கேட்கச் சொல்லிவிட்டு, சோறு இருந்த கையோடு வந்துவிட்டாய். மைக்ரோவேவில் சூடாக்கிய சாப்பாட்டைக் கட்டாரில் அஞ்சு வருஷம் தின்று நாக்குச் செத்துப்போய் வந்த பிள்ளை நீ, உனக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். அந்த வீட்டில் மைக்ரோவேவும் இல்லை. அவள் மண்சட்டியில் அடுப்பில் வைத்துத்தான் சூடாக்கினாள்.

"எங்கட வீட்டுல ஒரு நாளும் பழசு வெச்சதில்ல." மகன், நான் இப்போது எழுதப்போவதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள். எங்கள் வீட்டில் இருபத்தாறு வருஷம் பழசுதான் வைத்தேன்.

உன் வாப்பாவைப் பிழை சொல்ல எழுதவில்லை. அவர் மௌத்தாகி நாலு வருஷம், எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை. அவருக்கு ஏழு வயதில் பெற்றவர்கள் இருவரும் இல்லை, உறவுக்காரர் வீடுகளில் வளர்ந்தார். அந்த வீடுகளில் எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு சட்டியில் ஒட்டினதை, நேற்றைய மிச்சத்தை இவருக்கு வைப்பார்களாம். கல்யாணம் முடித்து மூன்றாம் நாள் என்னிடம் கேட்ட ஒரே ஒரு விஷயம் அதுதான். "எனக்கு நகை நட்டு, காணி பூமி ஒண்டும் வேணா புள்ள. மிச்சச் சோறு மட்டும் எனக்கு வெச்சிராத." நானும் ஓம் என்றேன். பதினெட்டு வயதில் எதற்குத்தான் ஓம் சொல்லமாட்டோம்?

நான் தையல் மெஷினில் இருப்பவள். பெருநாள் வந்தால் சட்டைத் துணி என் கழுத்துவரைக்கும் குவிந்துவிடும். மூன்று நேரமும் புதிதாகச் சமைக்க எனக்குப் பத்துக் கை வேண்டும். அதைவிட, நல்ல ஆணத்தைக் கொட்டினால் வீட்டில் பரக்கத் நிற்காது என்று என் உம்மா வளர்த்த வளர்ப்பு. ஆகவே பொழுதுபடும் நேரத்தில் ஒரு தரம் சமைப்பேன். அடுத்த நாள் பகல் பன்னிரண்டரைக்கு, ரைஸ்மில்லிலிருந்து வாப்பா சைக்கிளில் வருகிற நேரம் பார்த்து, சட்டியை மெல்லிய நெருப்பில் வைப்பேன். ஒரு சின்ன வெங்காயம், கொஞ்சம் கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை வேறாகத் தாளித்து மேலே போடுவேன். அந்த மணம் ஒழுங்கை முனைவரை போகும். தேங்காயில் ஒரு பிடி பிழிந்து புதுப்பால் ஊற்றி உடனே இறக்கிவிடுவேன். அப்போதுதான் அரைத்த மாதிரித் தெரிய அம்மியில் வெறும் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கிக்கூட வைத்திருக்கிறேன், சிரிக்காதே. அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்தபடியே மூக்கை உறிஞ்சுவார். "ஆ, இப்பதான் இறக்கினயா?" "ஓம், இப்பதான்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் தினம் தினம் மறைத்தேன்.

அவர் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். என் தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது. நீயும் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாய். உன் கல்யாணத்தன்று ஒரே சஹன் தட்டில் உன்னோடு இருந்து சாப்பிட்ட கூட்டாளிகளிடம் நீ அதையே சொன்னதை நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அன்றைக்கே மணி அடித்திருக்க வேண்டும் எனக்கு. அடிக்கவில்லை, எனக்கு அது இனித்தது.

(ஒரு நிமிஷம். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போனேன். இன்றைக்கு அடுப்பையே மூட்டவில்லை. என் தலை அப்படி இருக்கிறது.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது அதைவிடக் கெட்டது. உனக்கு ஆறு வயதில் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்த குர்பான் இறைச்சி. அப்போது எங்களிடம் பிரிஜ் இல்லை. சட்டி நிறைய ஆக்கி, காலையும் மாலையும் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கித்தான் வைக்க வேண்டும். மூன்றாம் நாள் மாலை தையல் வேலையில் மறந்துபோனேன். அடுத்த நாள் பகல் வாப்பாவின் சைக்கிள் மணிச்சத்தம் கேட்டுவிட்டது. அவசரத்தில் மேல் சூடு மட்டும் காட்டி உனக்கும் வைத்தேன். முகர்ந்து பார்த்தேன், சரியில்லாத மாதிரித்தான் இருந்தது. "இப்பதான் இறக்கின" என்று சொன்னவள் எப்படிக் கொட்டுவது? வாப்பாவின் இரும்பு வயிறு தாங்கிவிட்டது. நீ பொழுதுபடுமுன் வாந்தியும் வயிற்றோட்டமுமாகத் துவண்டுபோனாய். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். உன் கை வாழைத்தண்டு மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. வாப்பா கேட்டார், "என்னத்தத் திண்டான்?" நான் சொன்னேன், "நம்மட சாப்பாட்டத்தான் திண்டான். கண்ணூறா இரிக்கும்."

யாருடைய கண் என்று வாப்பா தேடினார். பக்கத்து வளவு ராத்தா முதல்நாள் வந்து, "மாஷா அல்லாஹ், என்ன வடிவாத் திங்கிறான் இவன்!" என்று சொல்லியிருந்தாள். அவள்தான் என்று முடிவு கட்டினார். இனி இந்த வாசல் மிதிக்க வேண்டாம் என்று அவளிடமே சொல்லிவிட்டார். அவள் அழுதுகொண்டு என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் உன் தலையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்குத் தையல் பழக்கியவள் அவள், மகன். பிறகு அவர்கள் வளவை விற்றுக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று விசாரிக்கக்கூட எனக்கு முகமில்லை.

இப்போது அந்த மூன்று மணிக்கு வருகிறேன். நீ "ஒண்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டு அஸர் தொழப் பள்ளிக்குப் போனாய். நீ போய்ப் பத்து நிமிஷம் இருக்காது, பின்பக்க வாசலில் ஓட்டோச் சத்தம். றிஸ்னா. பள்ளிக்கூடத்துச் சாரியே மாற்றவில்லை, கையில் டிபன் கேரியர். கண் சிவந்திருந்தது, அழுகை இல்லை.

"மாமி, அவர் காலையிலயும் ஒழுங்காத் திண்ணல்ல. இதக் குடுங்க."

"நீ இரி புள்ள. அவன் வரட்டும், நான் கதைக்கன்."

"வேணாம் மாமி. நான் வந்தெண்டும் சொல்லாதீங்க. என்ட ஆணமெண்டு தெரிஞ்சா கோவத்துல திண்ணமாட்டார். வயிறு காயும்."

அவ்வளவு சொல்லிவிட்டு அதே ஓட்டோவில் போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேரியரைத் திறந்தேன்: நீ தள்ளிவிட்டு வந்த அதே சூரை மீன் ஆணம். நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்கே இப்போது விளங்கியிருக்கும். என் மண்சட்டியில் ஊற்றினேன், மெல்லிய நெருப்பு, வெங்காயமும் ரம்பையும் தாளித்தேன், கை தானாகவே செய்தது. நீ தொழுதுவிட்டு வந்தாய், மணம் பிடித்தாய், கேட்காமலே பீங்கானோடு இருந்தாய். இரண்டு தரம் சோறு வாங்கினாய். விரலை நக்கிக்கொண்டு சொன்னாய், "பாத்தீங்களா உம்மா, இதான் ஆணம். இதுமாதிரி ஒரு ஆணம் அந்த வீட்டுல வெக்கத் தெரியாது." அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். நீ தின்று முடித்திருந்தாய், அவள் பயந்த பயம் தீர்ந்துவிட்டது, இனி ஒளிக்க ஒன்றுமில்லை. நான் சிரித்தேன். "இன்னொரு துண்டு மீன் போடட்டா?" என்று கேட்டேன்.

மஃரிபுக்குப் பிறகு அவளுக்குப் போன் எடுத்தாய். நான் குசினியில் நின்றேன், எல்லாம் கேட்டது. "இப்பதான் உம்மாட கையால மீனாணம் திண்டன். ஒரு நாளைக்கு வந்து எங்கட உம்மாட்டப் பழகிட்டுப் போ" என்றாய். அந்தப் பக்கத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "அது என்ட ஆணம்" என்று ஒரு சொல் சொன்னால் நீ வெட்கப்படுவாய், நான் மண்ணுக்குள் போவேன், சண்டையும் முடியும். அவள் சொல்லவில்லை. நீ சத்தமாக "என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். அன்றிலிருந்து அவள் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. நேற்றுக் காலையில் நீ, "பேசி ஒரு முடிவு கட்டத்தான் வேணும். பள்ளிவாசல் தலைவர்ட்டச் சொல்லப்போறன்" என்றாய். அல்லாட காவல்! ஒரு மீனாணத்துக்காகப் பள்ளிக்குப் போகிறவனை நான் பெற்றேனே.

யோசித்துப் பார். நீ கேட்டாய், நேத்தயதா என்று. அவள் ஓம் என்றாள். வீட்டுக்கு வந்து எட்டு மாதமான மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே, பயப்படாமல், ஒரு ஓம். நான் இருபத்தாறு வருஷம் படுத்தெழும்பின மனுஷனிடம் அந்த ஓமைச் சொல்லவில்லை. அவர் மௌத்தாகும்வரைக்கும் சொல்லவில்லை. அவர் தலைமாட்டில் இருந்து யாஸீன் ஓதியபோதும் அது தொண்டையில் நின்றது. உனக்குக் கிடைத்தவள் என்னைவிட நல்லவள், அதற்குத்தான் அவளைத் தண்டிக்கிறாய்.

இந்தப் பதினொரு நாளும் நீ என் வீட்டில் தின்றதும் பழசுதான். நேற்றுப் பகல் மெத்தென்று இருக்கிறது என்று புகழ்ந்தாயே, அது முந்தின நாள் பொழுதுபடும்போது ஆக்கின சோறு. எப்படி என்று சொல்கிறேன், இனி இது உன் வேலை. நீ கடையிலிருந்து ஒரு மணிக்கு வருகிறாய், அவளுக்குப் பள்ளிக்கூடம் விட ஒன்றரை. அந்த அரை மணித்தியாலம் கதிரையில் இருந்து போனைத் தடவாதே. சோறு ஆறினதும் மூடி பிரிஜில் வைத்தது என்றால் தின்னப்போகிற அளவை மட்டும் எடு; பகல் முழுக்க மேசையில் கிடந்ததை எடுக்காதே, கொட்டினால் கொட்டு. விரலை நனைத்துத் தண்ணீர் தெளி, கட்டியை நசுக்காமல் உதிர்த்துவிடு, இடியப்பம் அவிக்கிற சட்டியில் ஈரத்துணி போட்டு மேலே வைத்து மூடு. ஆவி நன்றாக மேலே வந்து சோறு கை வைக்க முடியாத சூடானால்தான் இறக்கு. மீனாணத்துக்குள் அகப்பை விடாதே, மீன் தூளாகிவிடும். இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்று. எல்லா இடமும் கொதி வந்ததும் அணைத்துவிட்டு, கொஞ்சம் புதுப்பால் இருந்தால் அப்போது ஊற்று, ஊற்றிவிட்டுக் கொதிக்கவைத்தால் பால் திரளும். பருப்பு இறுகியிருந்தால் சுடுதண்ணீர் விட்டு இளக்கு. ரொட்டியைத் தாச்சியில் போட்டு இரண்டு துளி தண்ணீர் தெளித்து மூடிவிடு. இறைச்சியை மட்டும் விளையாட்டாக எடுக்காதே, உள்ளெல்லாம் கொதிக்க வேண்டும், இதை உன் உடம்பில்தான் படித்தேன். ஒரு தரம் சூடாக்கினதைத் திரும்பவும் சூடாக்காதே. அன்றைக்குச் சூரை மீனில் நான் அப்படிச் செய்தது பிழை.

இவ்வளவுதான், இதற்கு மைக்ரோவேவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். அவளோடு நின்று நீயே செய்தாய் என்றால் நேற்றையதா இன்றையதா என்று கேட்கவே வாய் வராது. செய்கிறவனுக்குத் தெரியும்தானே.

இன்றைக்கு உனக்குச் சமைக்கவில்லை. மூன்று நாளைக்கு உடுப்பும் பிறஷர் மருந்தும் பையில் வைத்துவிட்டேன். பதினொரு மணி அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் லுஹருக்கு முன் அட்டாளைச்சேனையில் இறங்கலாம். மாப்பிள்ளையின் உம்மா மருமகள் வீட்டுக்குப் பெருநாளைக்குப் போவாள், பிள்ளை பிறந்தால் போவாள், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குக் கிறுகிவிடுவாள். மாப்பிள்ளை கோபித்துப்போன வீட்டுக்கு உடுப்புப் பையோடு போய் எவளும் இருந்ததில்லை. இங்கே சாய்ந்தமருதில் சிரிப்பார்கள், அட்டாளைச்சேனையில் அதைவிடச் சிரிப்பார்கள். அவளுடைய உம்மாவுக்கு முன்னால் இந்தத் தாளில் எழுதியதையெல்லாம் வாயால் சொல்ல வேண்டும். என்றாலும் ஒருத்தி அழுதுகொண்டு என்னைப் பார்த்தபோது சும்மா இருந்துவிட்டேன். இவள் அழக்கூட இல்லை. இவளையும் அப்படி விட்டுவிட்டு என்னால் கபுறுக்குப் போக முடியாது.

நீ வரும்வரைக்கும் நான் அங்கேதான். கோபத்தை விட்டுவிட்டு வா என்று சொல்லமாட்டேன், உன்னால் முடியாது, எனக்குத் தெரியும். கோபத்தோடேயே வா. ஆனால் வந்து அதை அவளிடம் காட்டாதே, என்னிடம் காட்டு; அது எனக்குச் சேர வேண்டிய கோபம். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் உம்மா